ஃபோர்ட்டா, செவியா, ராமா? கேள்வியே பிழை

போன மாதம் எங்கட வட்ஸ்அப் குழுவில ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கனடாவில இருக்கிற மச்சான் ஒருத்தர் ட்ரக் வாங்கப் போறாராம். ஃபோர்ட் எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500, ரொயோட்டா டன்ட்ரா, இதில எது நல்லது எண்டு கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்குள்ள திரும்பவே முடியாத ஒரு வாகனத்தைப் பற்றி, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கக் காசு பொறுக்கிற நாங்கள் இரவிரவா அடிபட்டம். ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு யூரியூப் காணொளி. நாங்களும் வாக்குப் போட்டனாங்கள், மறைக்கேல்லை.

பிறகு ஆறுதலா இருந்து வாசிச்சுப் பாத்தம். இப்ப சொல்லுறம்: அந்த வாக்கெடுப்பே ஏமாத்து. நாலு பேரில நல்லவர் யார் எண்டு கேக்கிற கேள்வி, இந்த நாலுபேரும் ஏன் இவ்வளவு பெருத்துப்போய் நிக்கினம் எண்ட கேள்வியை மறைக்கிறதுக்கெண்டே இருக்கு.

முதலில, வித்தியாசமே இல்லையெண்டு நாங்கள் சொல்லவரேல்லை. 2015 மாதிரியிலிருந்து எஃப்-150இன் உடல் அலுமினியம். ராம் 2009 மாதிரியிலேயே பின்பக்கத்துக்குச் சுருள் வில்லுப் போட்டுது, மற்றவை அப்ப பட்டை வில்லில ஓடிக்கொண்டிருந்தவை. அதனால ராம் வெறுமையாப் போகேக்க குலுக்கல் குறைவு. இதெல்லாம் உண்மை. ஆனா இந்த வித்தியாசங்களுக்கு மேல கட்டியிருக்கிற பக்தி இருக்கே, அதுக்கு ஆயுள் ரெண்டு மூண்டு வருசம்தான்.

2016இல செவர்லே ஒரு விளம்பரம் போட்டுது. ஃபோர்ட்டின் அலுமினியப் பெட்டிக்குள்ள கல்லுக்கட்டிகளைக் கொட்டி, பாருங்கோ ஓட்டை விழுகுது, எங்கட உருக்கில விழேல்லை எண்டு காட்டினது. இரசிகர்மார் அதைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சினம். 2019 சில்வராடோ வரேக்க அதன் கதவும் பொனட்டும் பின்கதவும் அலுமினியம். ராம் கட்சிக்காரருக்கு ஹெமி வி8 இயந்திரம்தான் குலதெய்வம். 2025 மாதிரியில கொம்பனி அதை 1500இலிருந்து எடுத்தது. ஆறு சிலிண்டர் இரட்டை ரேர்போ அதைவிடத் திறம் எண்டது. விற்பனைக் கணக்கைப் பாத்திட்டு 2026க்கு ஹெமியைத் திரும்பக் கொண்டுவந்தது. கொம்பனியே ஒரு வருசத்துக்குமேல நம்பாத ஒண்டை நாங்கள் ஏன் வாழ்நாள் முழுக்க நம்பவேணும்?

"ரொயோட்டா எண்டா பிழைக்காது" எண்டு சொன்ன ஆக்கள்தான் எங்கட குழுவில கூட. 2024இல டன்ட்ராவையும் அதே இயந்திரம் போட்ட லெக்சஸையும் சேர்த்து ஒரு லட்சம் வாகனம் வரை ரொயோட்டா திருப்பி அழைச்சது. தயாரிப்பில மிஞ்சின உலோகத்தூள் இயந்திரத்துக்குள்ள நிண்டது காரணம். அடுத்த வருசம் ஜெனரல் மோட்டர்ஸ், 6.2 லீற்றர் வி8 போட்ட ட்ரக்கும் எஸ்யூவியுமா ஆறு லட்சம் வரை அழைச்சது. ஒருத்தரும் சுத்தமில்லை, ஒருத்தரும் மோசமில்லை. பெயரைப் பாத்து நம்பிக்கை வைக்கிறதுக்குத்தான் இடமில்லை.

சரி, ஏன் இந்த நாலைஞ்சு பெயர்தான்? இதுக்குப் பின்னால ஒரு கோழிக்கதை இருக்கு. பகிடி இல்லை. 1960களின் தொடக்கத்தில மலிவான அமெரிக்கக் கோழி ஐரோப்பாவுக்குள்ள வருதெண்டு பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அதுக்கு வரி போட்டன. பதிலடியா ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் உருளைக்கிழங்கு மா, டெக்ஸ்ரின், பிரண்டி, சிறிய ட்ரக் ஆகியவற்றுக்கு 25 சதவீத இறக்குமதி வரி விதிச்சார். 1964 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது. மற்றதுகளுக்கு வரி பிறகு போட்டுது. ட்ரக்குக்கு மட்டும் அறுபது வருசம் தாண்டியும் நிக்குது. காருக்கு நெடுங்காலமா 2.5 சதவீதம், ட்ரக்குக்கு 25. ரொயோட்டாவும் இண்டைக்கு டன்ட்ராவை ரெக்சாசிலதான் செய்யுது. "சுதந்திரச் சந்தையில சனம் விரும்பித் தெரிஞ்செடுத்தது" எண்டு சொல்லுற வாகனம், வேலி போட்டு வளர்த்த வாகனம்.

ரெண்டாவது, எரிபொருள் சட்டம். அமெரிக்காவில ட்ரக்குக்குக் காரைவிட இலகுவான இலக்கு. அதுக்கு மேல, 2010களிலிருந்து இந்த இலக்கு வாகனத்தின் அடித்தடத்தைப் பொறுத்து மாறுது. அதாவது நாலு சில்லுக்கும் நடுவில இருக்கிற பரப்பு. பரப்புக் கூடினா இலக்குத் தளரும். சின்ன ட்ரக் செய்யிறவனுக்குக் கடினம், பெரிசாக்கிறவனுக்குச் சலுகை. ஃபோர்ட்டின் சின்ன ரேஞ்சர் 2011ஓட அங்க நிண்டுபோச்சு. 2019இல திரும்பி வரேக்க உடம்பு பெருத்துத்தான் வந்தது.

"சனம் பெரிசைத்தானே கேக்குது" எண்டு சொல்லுறவை ஒரு விசயத்துக்குப் பதில் சொல்லட்டும். மெக்சிகோவில செய்யிற சின்ன மேவரிக்கை ஃபோர்ட் 2022 மாதிரியா 20,000 டொலரளவில விட்டது, அதுவும் ஹைபிரிட். வந்த கேள்வியைத் தாங்கேலாமல் அந்த மாதிரிக்கு முன்பதிவு எடுக்கிறதையே இடையில நிறுத்தவேண்டி வந்தது. சனம் சின்னனையும் கேக்குது. கடையில வைக்கிறேல்லை.

இப்ப விளம்பரத்தின் பெரிய இலக்கத்துக்கு வருவம். எஃப்-150 13,500 இறாத்தல் இழுக்கும், சில்வராடோ 13,300, டன்ட்ரா 12,000. இந்த இலக்கத்துக்காகத்தான் முழுச் சண்டையும். ஆனா அந்த உச்ச இலக்கம் ஒரு குறிப்பிட்ட இயந்திரம், ஒரு குறிப்பிட்ட பல்லுவிகிதம், ஒரு குறிப்பிட்ட உடலமைப்புக்கு மட்டும். காட்சியறையில பளபளத்துக்கொண்டு நிக்கிறதுக்கு அது பொருந்தாமலும் இருக்கும். உண்மையான இலக்கம் சாரதியின் கதவைத் திறந்தா தூணில மஞ்சளும் வெள்ளையுமா ஒட்டியிருக்கு: ஆக்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுக்கு மேல ஏத்தாதே.

கணக்குப் பாப்பம். 9,000 இறாத்தல் ட்ரெய்லர் ஒண்டு. அதன் பாரத்தில 10 தொடக்கம் 15 சதவீதம் கொழுவியில வந்து இருக்கும். 12 எண்டு வைச்சா 1,080. குடும்பத்தில நாலு பேர், 600. கொழுவி, தண்ணி, சாமான் எண்டு 120. மொத்தம் 1,800. தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் போட்ட ஆடம்பர ட்ரக்கின் ஸ்ரிக்கரில 1,500 சொச்சம் நிக்கிறது புதினமில்லை. ஆடம்பரத்தின் பாரமும் இதுக்குள்ளதான் கழியும். 13,000 இழுக்கும் எண்டு சொல்லி வித்தது, 9,000த்துக்கே ஸ்ரிக்கரைத் தாண்டிப்போச்சு. காசு கூடக் குடுக்கக் குடுக்கச் சுமக்கிற சக்தி குறையிற ஒரே வேலை வாகனம் இதுதான்.

சரி, உண்மையில சுமக்கினமோ? ஸ்ட்ராட்டஜிக் விஷன் நிறுவனம் அமெரிக்க ட்ரக் உரிமையாளரைக் கேட்ட ஆய்வில, நாலில மூண்டு பேர் வருசத்துக்கு ஒருக்கா அல்லது அதைவிடக் குறைவாத்தான் ட்ரெய்லர் இழுக்கினம். பெட்டியும் சுருங்கிப்போச்சு. முந்தி எட்டு அடி வழமை, இண்டைக்கு நாலு கதவு எஃப்-150இல பரவலா ஓடுறது ஐந்தரை அடி. வாகனம் 5.9 மீற்றர் நீளம், பெட்டி 1.7 மீற்றர். ஜப்பானின் சுசுகி கரி போன்ற 660 சிசி குட்டி ட்ரக்கைப் பாருங்கோ. முழு நீளம் 3.4 மீற்றர், பெட்டி 1.9. எங்கட ஊரில மரக்கறி மூட்டை, சீமெந்து, கலியாணவீட்டுக் கதிரை எல்லாத்தையும் ஏத்தியிறக்கிற பட்டாவை ஓட்டுற அண்ணைக்கு இந்தக் கணக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதுவரைக்கும் சொன்னது வாங்குறவரின் நட்டம். அவரின்ர காசு, அவரின்ர பாடு எண்டு விட்டிருப்பம். விடேலாததுக்குக் காரணம் றோட்டில நடக்கிற ஆள். 2009இல அமெரிக்காவில வாகனம் மோதிச் செத்த பாதசாரிகள் 4,100 பேரளவு. 2022இல 7,500ஐத் தாண்டிப்போச்சு. இருட்டு, வேகம், கைபேசி எண்டு பல காரணம் இருக்கு. எல்லாத்தையும் ட்ரக்கின் தலையில போடேல்லை. ஆனா நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2023இல வெளியிட்ட ஆய்வு தெளிவாச் சொல்லுது: பொனட் 40 அங்குலத்துக்கு மேல உயர்ந்த வாகனம் மோதினா, 30 அங்குலமோ குறைவோ உயரமான சரிவு மூக்கு வாகனத்தைவிட, பாதசாரி சாகிற வாய்ப்பு 45 சதவீதமளவு கூட. கார் காலில அடிக்கும், ஆள் பொனட்டில விழுவார். உயர்ந்த ட்ரக் நெஞ்சில அடிக்கும், சின்னப்பிள்ளை எண்டா தலையில. அந்தப் பிள்ளை முன்னால நிண்டாலும் சாரதிக்குத் தெரியாது. இது எந்தக் காணொளியிலயாவது புள்ளி போடுற பட்டியலில வருதோ? கோப்பை வைக்கிற ஓட்டை எத்தினை எண்டு எண்ணுறாங்கள்.

எங்களை மறிச்சுக் கேப்பினம்: பனிக்குள்ள விடிய நாலு மணிக்கு எழும்பிக் கூரை வேலைக்குப் போறவனுக்கு நீங்களோ புத்தி சொல்லுறியள்? இல்லை. கூரை வேலைக்காரர், பண்ணைக்காரர், ஒவ்வொரு கிழமையும் ட்ரெய்லர் இழுக்கிறவர், அவையளுக்கு அது ஆயுதம். அவையள் பெரும்பாலும் பெயரைப் பாக்கிறதுமில்லை, ஸ்ரிக்கரைத்தான் பாக்கினம். எங்கட சண்டை அந்த வேலையாளின்ர தோற்றத்தை வாடகைக்கு எடுத்து அலுவலகத்துக்குப் போறவருக்கு விக்கிற கொம்பனியோடதான்.

அதைச் செய்யிற வேலையாட்களையும் பாருங்கோ. 2023 செப்டெம்பர் 15இல ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் ஃபோர்ட், ஜெனரல் மோட்டர்ஸ், ஸ்டெலான்டிஸ் மூண்டிலயும் ஒரே நேரத்தில வேலைநிறுத்தம் தொடங்கினது. ஒக்ரோபரில ஃபோர்ட்டின் கென்டக்கி ட்ரக் தொழிற்சாலையும், ராம் 1500 செய்யிற ஸ்ரேர்லிங் ஹைற்ஸும் நிண்டது. கொம்பனிக்கு எங்க இலாபம் கொட்டுதோ அங்கதான் கையை வைச்சவை. நாலரை வருசத்தில 25 சதவீதச் சம்பள உயர்வோட ஒப்பந்தம் வந்தது. இரசிகர்மார் ஃபோர்ட், செவி, ராம் எண்டு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டிருக்க, அதுகளைப் பூட்டுற கைகள் ஒண்டாச் சேர்ந்து நிண்டன.

இங்கயும் இந்த நோய் இருக்கு, மறக்கக்கூடாது. டபுள் கப்பில வந்து இறங்கினா ஒரு மரியாதை, பட்டாவில வந்தா இன்னொரு மரியாதை. பெட்டிக்குள்ள ஒரு கடகம்கூட ஏத்தாத டபுள் கப் எத்தினையை ஏ9இல பாத்திருக்கிறம்.

மச்சானுக்கு இப்பிடி எழுதி அனுப்பியிருக்கிறம்: அண்ணை, போன வருசம் என்னென்ன ஏத்தினீங்கள், எத்தினை தரம் எண்டு ஒரு தாளில எழுதுங்கோ. ரெண்டு மூண்டு தரம்தான் எண்டா அந்த நாளுக்கு ஒரு ட்ரக்கை வாடகைக்கு எடுங்கோ, மிச்ச நாளைக்குக் கார் போதும். உண்மையில தேவையெண்டா, கதவைத் திறந்து ஸ்ரிக்கரை வாசிச்சு, உங்கட கணக்குக்குக் காணுற ஆகச் சின்னதை எடுங்கோ. எந்தப் பெயர் எண்டாலும் பரவாயில்லை. வாங்க முந்தி உங்கட சின்னவளை ஒருக்கா அதுக்கு முன்னால நிப்பாட்டிப்போட்டு, ஏறி இருந்து பாருங்கோ, தெரியிறாளோ எண்டு.

நாங்கள் போட்ட வாக்கைத் திருப்பி எடுத்திட்டம்.