கேள்விகளில் தொடங்கட்டும் இலக்கியக் கோட்பாடு

பள்ளித் தமிழ்த் தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்றொரு வினா வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பல தலைமுறைகளாகப் படித்த புதுச்சேரிக்கும் அது பழக்கமான வினாதான். அதற்கு விடை எழுதும் முறை மாணவர்களுக்கு மனப்பாடம்: முன்னுரை, திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சுவை, முடிவுரை. எந்தப் பாடலைக் கொடுத்தாலும் இதே தலைப்புகள். கீழே எழுதும் பாராட்டுச் சொற்களும் ஏறக்குறைய அவையே. பாடலின் பொருளுக்குள் போகாமலே இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் சொற்களை எடுத்தெழுதி மதிப்பெண் வாங்கிவிட முடியும். அதே மாணவர் தமிழ் முதுகலைக்குப் போனதும் அமைப்பியல், பின்அமைப்பியல், பெண்ணியம், பின்நவீனத்துவம் என்று கோட்பாடுகள் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. சசூர், பார்த், ஃபூக்கோ போன்ற மேலைக் கோட்பாட்டாளர்கள் குறிப்பு வரையும் பெயர்களாகின்றனர். பள்ளியில் எதுகையை மனப்பாடம் செய்தவர் பல்கலைக்கழகத்தில் தெரிதாவை மனப்பாடம் செய்கிறார். இலக்கியக் கோட்பாடு என்பது பெயர்ப் பட்டியல் அல்ல, ஒரு பனுவலிடம் கேள்வி கேட்கும் பயிற்சி. அந்தப் பயிற்சியைப் பள்ளியிலேயே, மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கும் தமிழ்ப் பாடலிலிருந்து தொடங்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது என்று காட்டப் புதுச்சேரியிலேயே பிறந்த ஒரு படைப்பு இருக்கிறது. 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த பாரதி இங்கே எழுதியது ‘குயில் பாட்டு’. மாஞ்சோலையில் ஒரு குயில் கவிஞனிடம் காதல் சொல்கிறது. பிறகு அதே குயில் குரங்கிடமும் மாட்டிடமும் காதல் மொழி பேசுவதைக் கண்டு அவன் கொதிக்கிறான். கடைசியில் குயில் தன் முற்பிறப்பைச் சொல்கிறது: அவள் வேடர் மகள் சின்னக் குயிலி, மாடன், நெட்டைக் குரங்கன் என்ற வேடர்கள் அவளை மணக்க இருந்தவர்கள், அவள் மனம் கொடுத்ததோ சேர இளவரசனுக்கு. மூன்று ஆண்களும் வெட்டிக்கொண்டு மடிகிறார்கள். இதை ‘காதலின் மேன்மையைக் கூறும் கவிதை’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால், யார் சொல்லி நாம் இதைக் கேட்கிறோம் என்று ஒரு கேள்வி போட்டால் பாடல் வேறாகத் திறந்துகொள்கிறது. குரங்கையும் மாட்டையும் பார்த்தது பொறாமைகொண்ட ஒருவனின் கண். அவையெல்லாம் பேய்கள் காட்டிய மாயம் என்று விளக்குவது, குற்றம் சாட்டப்பட்ட குயிலே. இருவர் பேச்சையும் நமக்குச் சொல்பவனோ மாலைக் கனவிலிருந்து விழித்தெழுபவன். எந்தச் சாட்சியை எவ்வளவு நம்புவது? கதைசொல்லியையும் பாரதியையும் ஒரே ஆளாக எண்ணிவிடலாமா? அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. மறுபிறப்பில் இளவரசன் மட்டும் மனிதனாகப் பிறக்க, வேடர் இருவரும் பேயாகி, குரங்காகவும் மாடாகவும் தோன்றுவது ஏன்? சோலைக்கு வேடர்கள் வராத ஒரு நாளில்தான் கதையே தொடங்குகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், பாடலில் யாருக்கு இடமிருக்கிறது, யார் வெளியே நிற்கிறார் என்று ஒரு பதினாறு வயது மாணவி எழுதிவிடுவாள். முதல் கேள்வி எடுத்துரைப்பியல். இரண்டாவது சமூகவியல் வாசிப்பு. எந்தக் கோட்பாட்டாளர் பெயரும் இங்கே தேவைப்படவில்லை. பாரதியே முடிவில் தமிழ்ப் புலவர்களை அழைத்து, இதற்கு வேதாந்தமாகப் பொருள் சொல்ல இடமுண்டா என்று கேட்டுவிட்டுப் போகிறார். பொருள் காணும் பொறுப்பை வாசகரிடம் ஒப்படைத்த அந்தப் பாடலை நாம் திரண்ட கருத்தாகச் சுருக்குவது பெரும் இழப்பு.

‘கோட்பாடெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு, நம் இலக்கியத்துக்குப் பொருந்தாது’ என்பது பழைய மறுப்பு. தொல்காப்பியச் செய்யுளியல் அதற்குப் பதில் சொல்லும். செய்யுளுக்கு அது வகுக்கும் 34 உறுப்புகளில் எழுத்து, அசை, சீர், தொடை ஆகியவை மட்டும் இல்லை. நோக்கு, கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவையும் இருக்கின்றன. பேசுபவர் யார், கேட்பவர் யார், எங்கே, எப்போது, சொல்லாமல் விட்டது என்ன என்பவை இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து இறங்கிய கேள்விகள் அல்ல. நம் பள்ளிகள் இந்தப் பட்டியலிலிருந்து எதுகை, மோனை அடங்கிய தொடையை எடுத்துக்கொண்டு கூற்றையும் கேட்போரையும் எச்சத்தையும் விட்டுவிட்டன. அதே சமயம், எல்லாமே நம்மிடம் இருந்தது என்று கதவைச் சாத்துவதும் சரியல்ல. வடமொழியின் காவியாதரிசத்தைத் தழுவித் தண்டியலங்காரம் செய்துகொண்ட மரபு இது. ஈழத்தின் க. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகக் கவிதைகளோடு ஒப்பிட்டு 1968இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் பேராசிரியராக இருந்து 2024இல் மறைந்த ராஜ் கௌதமன், மார்க்சியத்தையும் தலித் நோக்கையும் கொண்டு சங்க இலக்கியத்தையும் தொல்காப்பியத்தையும் மறுவாசிப்பு செய்தார். அவர் முடிவுகளோடு உடன்படாதவர்கள் உண்டு. ஆனால், அந்த நூல்களுக்குள் சமூகம் எப்படி இயங்கியது என்று அவர் கேட்ட பிறகு பழைய பாராட்டுரைகள் போதாமல்போயின. கோட்பாடு எங்கே பிறந்தது என்பதைவிட, பனுவலில் இதுவரை கண்ணில் படாத எதைக் காட்டுகிறது என்பதே அதற்கான தேர்வு.

‘கூறுபோட்டுப் பார்த்தால் கவிதையின் சுவை போய்விடும்’ என்பது இன்னொரு மறுப்பு. சுவையிலிருந்துதான் படிப்பு தொடங்க வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. பாடலை வாய்விட்டுப் படிக்காத வகுப்பில் ஆய்வுக்கு இடமில்லை. ஆனால், சுவையைக் கெடுப்பது ஆய்வா, ஆயத்த விடையா? குயிலின் பேச்சை நம்பலாமா என்று வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்து வாதிட்டால், ஒவ்வொருவரும் வரிகளுக்குத் திரும்பத் திரும்பப் போயாக வேண்டும். அப்படித் திரும்பிப் போகிறபோது ஓசையும் உவமையும் தாமாகவே கண்ணில் படும். எதுகை மோனையும் அப்போது எண்ணிக் காட்டும் பொருளாக இருக்காது. இந்த இடத்தில் ஓசை ஏன் விரைகிறது என்ற கேள்விக்கு விடையாகிவிடும். கோட்பாட்டுக்கு அகப்படாத ஒன்று நல்ல கவிதையில் எப்போதும் மிஞ்சும். அதை உணரவும் கவனமாகப் படித்திருக்க வேண்டும்.

மிகக் கடினமான மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வருவது. ஆளுக்கொரு பொருள் எழுதினால் எப்படி மதிப்பெண் போடுவது? நியாயமான கேள்வி. இதற்கு விடை காண இவ்வூரார் கடல் கடக்க வேண்டியதில்லை. 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளி இன்றும் புதுச்சேரியில் நடக்கிறது. பிரெஞ்சுப் பள்ளியிறுதித் தேர்வுமுறையில், வகுப்பில் படிக்காத ஓர் இலக்கியப் பகுதிக்கு நான்கு மணி நேரத்தில் விளக்கம் எழுதுவது மாணவர் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு வினா. மாணவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதைவிட, அந்த முடிவைப் பனுவலின் சொற்களைக் காட்டி நிறுவினாரா என்பதே அங்கே முக்கியம். அந்த முறைக்கும் வாய்பாடுகளும் வழிகாட்டிக் கையேடுகளும் வந்துவிட்டன என்பது உண்மை. எந்தத் தேர்வும் அதற்குத் தப்பாது. என்றாலும், சான்றுக்கு மதிப்பெண் என்பது அளவிடக்கூடிய நெறி. சான்றில்லாத வாசிப்பு எவ்வளவு புதுமையாக இருந்தாலும் மதிப்பெண் பெறாது. ஆசிரியர் எதிர்பாராத வாசிப்பு சான்றோடு வந்தால் முழு மதிப்பெண் பெறும். இந்த ஒழுங்கு இருந்தால், ‘எதுவும் சொல்லலாம்’ என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

அண்மையில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. பாடத்திட்டம் எதுவானாலும் தமிழ் வகுப்பில் மூன்று காரியங்களைச் செய்யலாம். பள்ளி அளவிலான தேர்வுகளில் நயம் பாராட்டும் வினாவை, ‘ஒரு கருத்தைச் சொல்லி, பாடலிலிருந்து இரண்டு சான்று காட்டுக’ என்று மாற்றலாம். ஆண்டுக்கு ஒரு படைப்பையாவது கூற்று, களன், சமூகம் என மூன்று கேள்விகளோடு முழுமையாகப் படிக்கலாம். பாரதிதாசனோ பிரபஞ்சனோ கி.ராஜநாராயணனோ, இவ்வூரோடு கலந்த எழுத்துக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சுப்பிரமணிய பாரதியார் தமிழியற்புலமும் காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையமும் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த வாசிப்பு முறையில் பயிற்சி அளிக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. புதிய நூலும் தேவையில்லை. செய்தி, விளம்பரம், மேடைப் பேச்சு என்று நாள் முழுதும் பிறர் சொற்களுக்கு நடுவே வாழப்போகிற பிள்ளைகள் இவர்கள். யார், யாரிடம், எதற்காகப் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கேட்கும் பழக்கத்தைத் தமிழ் வகுப்பு தரவில்லையென்றால், அதைத் தர வேறு வகுப்பு பள்ளியில் இல்லை.