புது டிஎஸ்எல்ஆர் வருவது நின்னாச்சு... போர்ட்ரெய்ட் எடுக்க முதல் கேமரா இப்போ எதை வாங்கலாம்?

முதல் போனஸ் வந்ததும் ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கிடணும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலர் போட்டு வைக்கும் லிஸ்டில் இது நிச்சயம் இருக்கும். முதலில் ஃப்ரெண்ட்ஸ், அக்கா குழந்தை. அப்புறம் வார இறுதியில் ஒரு பிறந்தநாள், ஒரு வளைகாப்பு என்று போட்ட காசை கேமராவே எடுத்துக் கொடுத்துவிடும் என்பது கணக்கு. இஎம்ஐ-யும் அந்த நம்பிக்கையில்தான் போடப்படுகிறது.

ஆனால் அவர்கள் வாங்க நினைக்கும் பொருளைப் புதிதாக உருவாக்குவதையே பெரிய கம்பெனிகள் விட்டுவிட்டன. கேனானும் நிக்கானும் கடைசியாகப் புது டிஎஸ்எல்ஆர் மாடல்களை அறிமுகம் செய்தது 2020-ல். 'கடையில் இன்னும் பெட்டி பெட்டியா அடுக்கியிருக்காங்களே?' என்று கேட்கலாம். அடுக்கியிருக்காங்க. அதில் அதிகம் விற்கும் கேனான் 1500டி, 2018-ல் வந்த கேமரா.

அப்போ டிஎஸ்எல்ஆர் வாங்குவது வேஸ்ட்டா? போர்ட்ரெய்ட் எடுப்பவர்களுக்கு மட்டும் இதன் பதில் கொஞ்சம் வித்தியாசமானது.

கண்ணாடி போன கதை

டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே கண்ணாடி இருக்கும் கேமரா. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி மேலே திருப்பி வ்யூஃபைண்டருக்கு அனுப்பும். பட்டனை அழுத்தியதும் 'டக்'கென்று அது மேலே எழும்ப, வெளிச்சம் சென்சாரில் விழும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதை அப்படியே ஸ்கிரீனில் காட்டிவிடும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், நம்ம ஊரில் லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா எல்லாமே 'டிஎஸ்எல்ஆர்'தான். கடைக்குப் போகும் முன் இந்தக் குழப்பம் தீர்வது நல்லது. இரண்டின் விலையும் லென்ஸும் வேறு வேறு.

ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர்களின் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2012-ல் உலகம் முழுக்க 1.6 கோடிக்கு மேல் டிஎஸ்எல்ஆர்கள் அனுப்பப்பட்டன. 2020-ல் மிரர்லெஸ் அதை முந்தியது. 2024-ல் டிஎஸ்எல்ஆர் சுமார் 10 லட்சமாகச் சுருங்க, மிரர்லெஸ் 55 லட்சத்தைத் தாண்டியது. தங்கள் உச்ச டிஎஸ்எல்ஆர் வரிசையில் இஓஎஸ்-1டி எக்ஸ் மார்க் 3-தான் கடைசி என்று கேனான் தலைவர் ஃபுஜியோ மிட்டாராய் 2021 டிசம்பரில் ஜப்பானின் யோமியூரி நாளிதழிடம் சொல்லிவிட்டார். நிக்கானும் விலகுகிறது என்று 2022 ஜூலையில் நிக்கேய் செய்தி வெளியிட்டபோது, அது ஊகம் என்றும் தயாரிப்பும் சர்வீஸும் தொடரும் என்றும் நிக்கான் பதில் சொன்னது. அதற்குப் பிறகும் புது டிஎஸ்எல்ஆர் எதுவும் வரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் இன்னும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதன் விளைவு நேரடியாக செகண்ட் ஹேண்ட் சந்தையில் தெரிகிறது. தொழில்முறை போட்டோகிராபர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது பழைய பாடிகளும் லென்ஸ்களும் வெளியே வருகின்றன. கேனானின் இஎஃப் மவுன்ட் 1987-லிருந்து இருக்கிறது. நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-லிருந்து. இத்தனை வருஷ லென்ஸ்கள் இப்போது கைமாறுகின்றன.

டபுள் ஜூம் கிட் என்ற ஆசை

முதல்முறை வாங்குபவரிடம் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது 'டபுள் ஜூம் கிட்'. ஒரு பாடி, 18-55 லென்ஸ், 55-250 லென்ஸ், பை, மெமரி கார்டு. காசுக்கு நிறையப் பொருள் கிடைத்த மாதிரி இருக்கும். போர்ட்ரெய்ட்டுக்காக வாங்குபவருக்கு இன்றைய தேதியில் மோசமான தேர்வு இதுதான்.

போர்ட்ரெய்ட்டில் கேட்பது ரெண்டு விஷயம். ஆள் ஷார்ப்பா இருக்கணும், பின்னாடி மறையணும். அதைத் தீர்மானிப்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, அதாவது அப்பர்ச்சர். எஃப் எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரியது. கிட் லென்ஸை 55 எம்எம்முக்கு இழுத்தால் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6-ல் நின்றுவிடும். துவாரம் 10 மில்லிமீட்டர்கூட வராது. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸில் அது கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர். உள்ளே வரும் வெளிச்சம் சுமார் 10 மடங்கு அதிகம். சாயங்கால நேரத்து ஹாலில் கிட் லென்ஸ் 1/20 நொடி கேட்கிற இடத்தில், இது 1/200 நொடியில் முடித்துவிடும். 1/20-ல் சிரிக்கும் குழந்தையை எடுத்தால் கலங்கிய முகம்தான் கிடைக்கும்.

போனிலேயே போர்ட்ரெய்ட் மோட் இருக்கே என்பது நியாயமான கேள்வி. போன் செய்வது மென்பொருள் வேலை. ஆள் எங்கே முடிகிறார், பின்னணி எங்கே தொடங்குகிறது என்று அதுவே கணித்து மங்கலாக்கும். தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரம், ஜிமிக்கியின் இடைவெளி, காற்றில் பறக்கும் முடி போன்ற இடங்களில்தான் அந்தக் கணிப்பு இன்னும் தடுமாறுகிறது. லென்ஸுக்கு இந்த வேலையே இல்லை. தூரத்தைப் பொறுத்து தானாக மங்கும்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளணும். 55-250 லென்ஸ் மோசமான லென்ஸ் இல்லை. காலை வெயிலில், திறந்த இடத்தில், 200 எம்எம் வைத்துத் தள்ளி நின்று எடுத்தால் பின்னணி நன்றாகவே மறையும். ஆனால் அதற்கு இடமும் வெளிச்சமும் வேணும். வாடகை வீட்டு ஹாலில் இரண்டுமே கிடைக்காது.

ரூமின் நீளத்தை அளந்தாச்சா?

'போர்ட்ரெய்ட்டுக்கு 85 எம்எம்தான் ராஜா' என்று யூடியூபில் கேட்டுவிட்டு நேராக அதை வாங்குபவர்கள் உண்டு. கேட்டது தப்பில்லை, ஆனா அந்தப் பேச்சு ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கானது. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சின்னது. அதனால் கேனானில் 1.6, நிக்கானில் 1.5 என்று பெருக்கிப் பார்க்கணும். 50 எம்எம் மாட்டினாலே 75 அல்லது 80 எம்எம் போலத்தான் காட்சி தெரியும். 85 மாட்டினால் அது 136 எம்எம் கணக்கு.

இதை அடியில் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். கேனான் ஏபிஎஸ்-சி கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 50 எம்எம்மில் தலை முதல் இடுப்பு வரை எடுக்க ஏழெட்டு அடி தள்ளி நிற்கணும். அதே படத்துக்கு 85 எம்எம் என்றால் சுமார் 13 அடி. முழு உருவத்துக்கு 50-ல் 15 அடி, 85-ல் 25 அடி. இதோடு ஆளுக்குப் பின்னால் நாலடி இடைவெளி இருந்தால்தான் பின்னணி மங்கும். 10-க்கு 12 அடி ரூமில் 85 எம்எம் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றால் முகம் மட்டும்தான் கிடைக்கும்.

அதனால் ஏபிஎஸ்-சி கேமராவோடு முதல் போர்ட்ரெய்ட் லென்ஸ் 50 எம்எம் எஃப் 1.8 என்பதில் பெரிய விவாதம் தேவையில்லை. 2015-ல் வந்த கேனான் இஎஃப் 50 எம்எம் எஸ்டிஎம், புதுசே 10 ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான். நிக்கானில் ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப் 1.8ஜி. குழந்தைகளையும் சின்ன வீடுகளையும் அதிகம் எடுப்பவர் என்றால் நிக்கானின் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8-ஐயும் பார்க்கலாம். ஆனால் ரொம்பக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். அந்த உருமாற்றத்துக்குக் காரணம் லென்ஸ் இல்லை, தூரம். செல்ஃபியில் முகம் உப்பித் தெரிவதும் இதனால்தான்.

வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் செய்வது, எல்லாப் படத்தையும் எஃப் 1.8-லேயே எடுப்பது. நாலடி தூரத்தில் அப்படி எடுத்தால் ஷார்ப்பாக இருக்கும் பகுதியின் ஆழம் நாலு சென்டிமீட்டர்தான். ஒரு கண் தெளிவு, காது காலி. ஒருவர் என்றால் எஃப் 2.8, ரெண்டு பேர் என்றால் எஃப் 4 என்று வைத்துப் பார்த்தால், 'லென்ஸ் சாஃப்ட்டா இருக்கு' என்ற புகாரில் பாதி காணாமல் போய்விடும்.

பெட்டியில் எழுதாத ரெண்டு விஷயம்

நிக்கான் டி3500, டி5600 மாதிரி ஆரம்பநிலை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எம்எம் எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால் திருகணும். மோட்டார் உள்ளேயே இருக்கும் 'ஏஎஃப்-எஸ்' லென்ஸ்தான் வேணும். டி7000 வரிசைக்கும் அதற்கு மேலே உள்ளவற்றுக்கும் இந்தப் பிரச்னை இல்லை.

கேனானில் சிக்கல் வேறு இடத்தில். 1500டி, 200டி மார்க் 2 போன்ற மாடல்களில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய மின்முனையை கம்பெனி எடுத்துவிட்டது. அந்த ஒற்றைமுனையை நம்பி இயங்கும் விலை குறைந்த ஃபிளாஷ்களும் ட்ரிக்கர்களும் இதில் வேலை செய்யாது. பின்னாளில் ஸ்டுடியோ லைட் வைத்து போர்ட்ரெய்ட் எடுக்க நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கேனானுக்கென்றே செய்த ட்ரிக்கரா, இந்த மாடலில் ஓடுமா என்று மாட்டிப் பார்த்துத்தான் வாங்கணும்.

லைட் வாங்கும் வரை ஜன்னல் போதும். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் ஷீட்டைப் பிடித்தால் முகத்தின் நிழல் பக்கம் நிரம்பிவிடும்.

செகண்ட் ஹேண்டில் எதைப் பார்க்கணும்?

புது 1500டி கிட்டுக்கு ஆகும் பணத்தில், ஒரு படி மேலான பழைய பாடியையும் 50 எம்எம்மையும் சேர்த்து வாங்கப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். நிக்கான் டி7500, டி750, கேனான் 6டி எல்லாம் இந்த வரிசையில் வரும். கடைசி இரண்டும் ஃபுல் ஃபிரேம். அதில் 85 எம்எம் மாட்டினால், இடுப்பு வரையிலான படத்துக்கு அதே எட்டடி போதும்.

ஆனால் ஒரு சீசன் முழுக்கக் கல்யாணம் எடுத்த கேமரா, ஓலா-ஊபரில் ஓடிய கார் மாதிரி. வெளியே பளபளப்பா இருக்கும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பார்க்கணும். 6டி ஒரு லட்சம் முறைக்கும், டி750 ஒன்றரை லட்சம் முறைக்கும் சோதிக்கப்பட்டவை. நிக்கானில் கடைசியாக எடுத்த ஜேபெக் படத்தின் தகவலிலேயே இந்த எண் இருக்கும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் அது படத்தில் பதிவாவதில்லை, தனி மென்பொருளோ சர்வீஸ் சென்டரோதான் சொல்லணும். அங்கே போகும்போதே அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுவது நல்லது.

லென்ஸில் தேட வேண்டியது பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில், பையிலேயே மூடிக் கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படரும். போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கமாகப் பார்த்தால் தெரிந்துவிடும். கீறல்கூடப் பரவாயில்லை, பூஞ்சை இருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதும் இதற்காகத்தான்.

மிரர்லெஸ்ஸுக்கு யார் போகலாம்?

ஓடும் குழந்தைகள், ரீல்ஸ், வீடியோ இதெல்லாம் முக்கியம் என்றால் மிரர்லெஸ் தெளிவாக ஜெயிக்கிறது. ஃபிரேமின் எந்த மூலையில் இருந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். 1500டி-யின் வ்யூஃபைண்டரில் இருப்பது வெறும் 9 புள்ளிகள். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பினால், எஃப் 1.8-ல் அந்த நாலு சென்டிமீட்டரும் நழுவிவிடும். டிஎஸ்எல்ஆரின் உண்மையான பலவீனம் இதுதான். உட்கார்ந்து போஸ் கொடுப்பவரை எடுக்கும்போது சமாளிக்கலாம், ஓடும் இரண்டு வயதுக் குழந்தையிடம் கஷ்டம்.

இப்போது வாங்கும் லென்ஸ் நாளைக்கு வீணாகுமா என்ற பயத்துக்கு பதில் இருக்கிறது. கேனான் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் மூலம் அதன் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் அப்படியே ஓடும். மோட்டார் இல்லாத பழைய 'டி' வகை லென்ஸ்களில் மட்டும் ஆட்டோஃபோகஸ் போய்விடும். அதாவது பாடியின் விலை இன்னும் சரியும், லென்ஸில் போட்ட காசு கூடவே வரும்.

எது சரிவரும் என்று தீர்மானிக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி, வாடகை. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாக்காரர்களுக்குக் கேமரா வாடகைக்கு விடும் இடங்கள் உண்டு. மற்ற பெரிய ஊர்களிலும் கல்யாண போட்டோகிராபர்களை நம்பி இயங்கும் வாடகைக் கடைகள் இருக்கின்றன. அடையாள அட்டையும் அட்வான்ஸும் கேட்பார்கள். ஒரு சனிக்கிழமைக்கு பாடி, 50, 85 மூன்றையும் எடுத்துவந்து, சொந்த வீட்டு ஹாலில், சாயங்காலம் ஐந்தரை மணி வெளிச்சத்தில், ஒரே ஆளை இரண்டு லென்ஸிலும் எடுத்துப் பார்க்கலாம். படம் எடுக்கும்போது முதுகு சுவரில் இடிக்கிறதா என்பதையும் சேர்த்து.