கமாவுக்கு மூச்சு வாங்காது!

"காமர்ஸ் பசங்களுக்கு கமா எதுக்குடா?"ன்னு கேக்குற மக்களே, 1,00,000ல கமா இடம் மாறினா மட்டும் ஏன் பதறுறீங்க?

நம்ம சின்னமனூர் பக்கம் கம்மான்னா கண்மாய். கரை இல்லேன்னா தண்ணி நிக்காது. இங்கிலீஷ் வாக்கியத்துக்கு கமாதான் கரை.

"மூச்சு விடுற இடத்துல கமா போடு"ன்னு சொல்லிக்கொடுத்தாங்களே, அதுதான் முதல் கோளாறு. நீளமான எழுவாய் முடிஞ்சதும் மூச்சு வாங்கும். ஆனா எழுவாய்க்கும் வினைக்கும் நடுவுல ஒத்தைக் கமா கூடாது. ‘ஐ வென்ட் டு தேனி, ஐ பாட் எ புக்’ எழுதுறதும் தப்பு. ரெண்டு முழு வாக்கியத்தை கமா மட்டும் ஒட்டாது. ‘அண்ட்’ வேணும், இல்லேன்னா முற்றுப்புள்ளி.

இதெல்லாம் அற்ப விஷயமா? மருந்துச் சட்டம் 27வது பிரிவுல ‘ஸ்டாக்ஸ்’ங்கிற சொல்லுக்கு அப்புறம் அப்போ கமா இல்லை. அதைச் சுட்டிக்காட்டித்தான், விக்கிற நோக்கம் இல்லாம மருந்தை வெறுமனே வச்சிருந்தா அந்தப் பிரிவுப்படி குற்றமில்லைன்னு முகமது ஷபீர் வழக்குல (ஏ.ஐ.ஆர். 1979) உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவுல, மெய்ன் மாநில ஓவர்டைம் சட்டத்துல ஒரு கமா விட்டுப்போய், பால் கம்பெனி ஒண்ணு 2018ல டிரைவர்களுக்கு 50 லட்சம் டாலர் தர ஒத்துக்கிச்சு.

நாளைக்கு ஒப்பந்தமும் ஆடிட் ரிப்போர்ட்டும் எழுதப்போறது யாரு? நாமதானே!