பைலட் வேலைக்கு பயோடேட்டா எழுதப் போறீங்களா?

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருபவரின் மகளோ, சென்னை டாக்டரின் மகனோ, பைலட் வேலைக்கு விண்ணப்பித்தால் முதலில் பார்ப்பது லைசென்ஸையும் பறந்த மணி நேரத்தையும்தான்.

அதனால் அப்பா பெயர், பொழுதுபோக்கு எல்லாம் மேலே வேண்டாம். லைசென்ஸ் வகை, கிளாஸ் 1 மருத்துவச் சான்று எதுவரை செல்லும், மொத்தம் பறந்த நேரம், அதில் விமானத்துக்குப் பொறுப்பேற்று ஓட்டியது, இரட்டை இன்ஜின், இரவு நேரம்... இவை தனித்தனியாக இருக்கட்டும். ஒரே பக்கம் போதும்.

நம் நாட்டில் கமர்ஷியல் லைசென்ஸுக்கே 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். புதியவர்கள் பலரிடமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். குறைவாகத் தெரிகிறதே என்று பத்து மணி நேரம் கூட்டிப் போடாதீர்கள். லாக்புக்கோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியலால் லைசென்ஸ் வாங்கிய சில விமானிகள் கைதே ஆனார்கள்.

கவர் லெட்டரில் 'சிறுவயதுக் கனவு' வேண்டாம். எல்லோரும் எழுதுவது அதுதான். எந்தப் பணி, அந்த நிறுவனத்தின் விமானத்துக்கு டைப் ரேட்டிங் இருக்கிறதா, எப்போது சேர முடியும் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வீட்டை அடமானம் வைத்துப் படித்த கதையா? அது கடிதத்துக்கு வேண்டாம். இன்டர்வியூவில் கேட்டால், தலை நிமிர்ந்து சொல்லுங்கள்!