ஓடத் தெரிந்தால் போதுமா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ‘தகுதிகள்’ பட்டியல் ஒன்று இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. வாரியத்துக்கு வருகிறவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. வேதப் படிப்பு. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது! பி.காம். படித்த எனக்கு இந்தக் கடைசி ஷரத்தின் மேல் தனி மரியாதை. இன்றைக்கு அமல்படுத்தினால் பல ஊர்களில் குடம் காலியாகத்தான் இருக்கும்.

அதே ஊர்ப் பக்கத்துப் பையன்களுக்கு இப்போது வேறொரு தகுதிப் பட்டியல். விடியற்காலையில் ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். இருட்டிலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: மிலிட்டரி.

மூச்சு வாங்க நின்ற ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“1.6 கிலோமீட்டர் எவ்வளவு நேரத்துல ஓடறே தம்பி?”

“அஞ்சரை நிமிஷத்துக்குள்ள வந்துடுவேண்ணா.”

“அட! அப்புறம் என்ன?”

“டென்த்துல கணக்கு பூட்ச்சிண்ணா. திரும்ப எழுதாம வுட்டுட்டேன்.”

“இப்ப?”

“ஒரகடத்துல கான்ட்ராக்ட் வேலைண்ணா. கம்பெனி வண்டி வர்ற நேரம்...” என்றபடி மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டான், இந்த முறை வண்டியைப் பிடிக்க.

அஞ்சரை நிமிஷம் என்பது அக்னிவீர் ஓட்டத்தில் முழு மார்க். ஆனால் அந்த ஓட்டத்தை அவன் யாரிடம் காட்டுவது? 2023-லிருந்து ராணுவ ஆள்சேர்ப்பில் எழுத்துத் தேர்வு முதலில், மைதானம் அப்புறம். பொதுப் பணிக்குப் பத்தாம் வகுப்பு பாஸ் வேண்டும். வெறும் பாஸ் போதாது, மொத்தத்தில் 45 சதவீதம். அதாவது 500-க்கு 225. எல்லாப் பாடத்திலும் 35 வாங்கி ‘தப்பிச்சோம்’ என்று மூச்சு விட்டவனுக்குக்கூட அந்தக் கதவு திறக்காது. எட்டாவது படித்தவர்களுக்கு உள்ள இடங்கள் மெஸ், ஹவுஸ் கீப்பிங் வேலைகளோடு சரி.

மற்ற கதவுகளும் இப்படித்தான். தமிழக அரசு 2013-ல் சிறப்புக் காவல் இளைஞர் படை அமைத்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் இடம், மாதம் 7,500 ரூபாய். அதற்கும் பத்தாம் வகுப்பு பாஸ். 1948-ல் தொடங்கிய என்.சி.சி.யோ பள்ளி, கல்லூரியில் இருப்பவனுக்குத்தான். பள்ளியை விட்டு நின்ற அன்றே காக்கியும் போச்சு, பரேடும் போச்சு. யாருக்கு ஒழுங்கும் கட்டுப்பாடும் அதிகம் தேவையோ, அவனுக்குத்தான் அனுமதி இல்லை!

இதில் ஒரு வேடிக்கை. பத்தாவது பாஸ் செய்து அக்னிவீர் ஆகிறவன் நாலு வருஷம் முடிக்கும்போது, தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் வாங்கலாம். பத்து கையில் இருந்தால் பன்னிரண்டு வரும். ஒன்பதரையில் நிற்பவனுக்கு ஒன்றும் வராது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 2022 அறிவிப்புப்படி அக்னிவீரனுக்கு முதல் வருஷம் மாதம் 30,000. அதில் 9,000 சேவா நிதிக்குப் பிடித்தம், அரசும் அதே அளவு போடும். நாலு வருஷத்தில் இரு பங்கும் சேர்ந்து வட்டியில்லாமலே பத்து லட்சத்துக்கு மேல். அதே அறிவிப்புப்படி நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மீதிப் பேர் ஊர் திரும்ப வேண்டியதுதான். அது தனிக் கவலை. ஆனால் எழுதாமல் விட்ட அந்தக் கணக்குப் பேப்பரின் விலை என்னவென்று பார்த்தீர்களா?

அமெரிக்காவில் 1993-லிருந்து பள்ளியை விட்ட 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கென்றே நேஷனல் கார்டு படை ஒரு பயிற்சி நடத்துகிறது. 22 வாரம் முகாம். விசில், பரேடு, கூடவே படிப்பு. பட்டாளத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விண்ணப்பித்தவர்களைக் கிட்டத்தட்ட நம் குடவோலை மாதிரியே குலுக்கல் போட்டு, இடம் கிடைத்தவர் கிடைக்காதவர் என்று பிரித்து, மூன்று வருஷம் கழித்துப் பார்த்தார்கள். இடம் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் பள்ளிச் சான்றிதழோ அதற்குச் சமமானதோ வாங்கியிருந்தார்கள். கிடைக்காதவர்களில் 56 பேர்.

விசில் செய்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தப்புச் செய்த சிறுவர்களை அதட்டி உருட்டித் திருத்த அதே நாட்டில் வேறு முகாம்களும் நடந்தன. திரும்பத் தப்புச் செய்வதை அவை குறைக்கவில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்லின. இந்தப் பயிற்சியில் கூடுதலாக ஒன்று உண்டு: முகாம் முடிந்த பிறகும் ஒரு வருஷம் பையனைக் கவனிக்க ஊரில் ஒரு பெரியவர். அவர் யார் என்று பையனே பெயர் சொல்ல வேண்டும்.

இதற்கு நமக்குப் பட்ஜெட் வேண்டுமா சார்? தவறிய பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதலாம். பழைய பாக்கி என்றால் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயது முடிந்தவர் திறந்தநிலைப் பள்ளியிலும் எழுதலாம். வழி இருக்கிறது. விண்ணப்பத் தேதியைப் பார்த்துச் சொல்லவும், சாயங்காலம் ஒரு மணி நேரம் கணக்குப் போட உட்கார வைக்கவும்தான் ஆளில்லை. மைதானத்தில் ஓட்டம் சொல்லித் தரும் ரிட்டயர்டு ஹவில்தார்கள், ஸ்டாப் வாட்சை அமுக்குவதற்கு முன் “மார்க் ஷீட் எங்கடா?” என்று ஒரு தடவை கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

குடத்தில் போடும் ஓலையில் யார் பெயர் வரலாம் என்று உத்திரமேரூரில் அத்தனை நிபந்தனை போட்டார்கள். ‘உன்னைக் கவனிக்க ஊரில் யார் இருக்கிறார்?’ என்று அந்தப் பையனிடம் ஓர் ஓலையை நீட்டினால், அவன் எழுத உங்கள் தெருவில் ஒரு பெயராவது தேறுமா?