வயிற்று வலி நடிப்பல்ல

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறீர்கள். பாடங்கள் பெரும்பாலும் மலாய்மொழியில். பழைய நண்பர்கள் ஆளுக்கொரு வகுப்பில். சிலருக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாகவும் வரும். இரண்டாம் வாரமே காலையில் வயிறு வலிக்கிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான்."

மாணவர்களே, இதை நான் ஏற்கமாட்டேன். அந்த வலி உண்மையானது.

எக்ஸ்ரே கதிர் 1895-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, அமெரிக்காவின் ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன் அதைக்கொண்டு பூனைகளின் இரைப்பையைக் கவனித்தார். உணவைப் பிசைந்துகொண்டிருந்த இரைப்பை, பூனை பதற்றமடைந்ததும் அப்படியே நின்றுவிட்டது. அமைதியானதும் மீண்டும் அசைந்தது. பூனைக்கு நடிக்கத் தெரியாது, பாருங்கள்.

நம் உடலிலும் இதேதான் நடக்கிறது. ஆபத்து என்று மூளை கருதியதும், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசோலையும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியிடுகிறது, செரிமானம் தள்ளிப்போகிறது. எல்லாம் ஓடுவதற்கான ஏற்பாடு. நீங்களோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

மாற்றம் கெட்டதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். துணையை இழப்பதற்கு 100. திருமணத்துக்குக்கூட 50. பள்ளி மாறுவதற்கும் வீடு மாறுவதற்கும் தலா 20. (கூட்டிப் பார்த்து சோதிடம் சொல்லாதீர்கள், அது பெரியவர்களைக் கேட்டுத் தயாரித்த பட்டியல்.)

வீடு மாறிய அனுபவம் ஜார்ஜ் டவுன் பெரியவர்கள் பலருக்கு உண்டு. வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியில் முடிவுக்கு வந்ததும் பழைய கடைவீடுகளின் வாடகை ஏறியது. பல குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. புது வீட்டில் முதல் மாதம் தூக்கம் வந்ததா, சாப்பாடு இறங்கியதா என்று அவர்களைக் கேளுங்கள். பிறகு உங்கள் வயிற்றைப் பற்றிச் சொல்லுங்கள். 'நடிப்பு' என்ற சொல் வராது.

என்ன செய்யலாம்? மூச்சை மெதுவாக, நீளமாக வெளிவிடுங்கள். அப்போது இதயத்துடிப்பு சற்றுக் குறையும். ஓடுவதற்காக உடல் திரட்டிய சர்க்கரையை ஓடியே செலவழியுங்கள். மாலையில் தண்ணீர்மலைப் படிகளில் ஏறினாலும் சரி. உங்கள் வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அதைத் திருடுவது பெரும்பாலும் கைப்பேசிதான். பள்ளியிலுள்ள ஆலோசக ஆசிரியரிடம் பேசத் தயங்காதீர்கள். அவர் கட்டொழுங்கு ஆசிரியர் அல்லர்.

ஆனால், வலி நள்ளிரவில் எழுப்பினாலோ, எடை குறைந்தாலோ, வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்துகொண்டாலோ, வாரக்கணக்கில் நீடித்தாலோ, 'மன அழுத்தம்தான்' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள். புதுப் பள்ளிக்கு மாறியிருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.