காவலர் வேறு, உரிமையாளர் வேறு!

“பெரியவன் பெயரில் இருக்கட்டும், ஆனால் எல்லோருக்கும் பொது” என்று வாயால் சொல்லிவிட்டுக் கண்மூடிய தந்தையர் எத்தனை பேர்! அவர்கள் விட்டுச் சென்றது வீட்டை மட்டுமா? வழக்கையும் சேர்த்தல்லவா விட்டுச் சென்றார்கள்! பெரியவன் இருக்கும்வரை அமைதி. அவன் மகன் காலத்திலே பட்டா வெளியே வருகிறது. “இது எங்கள் சொத்து” என்ற பேச்சு எழுகிறது. பிறகு? வாய்தாவுக்குமேல் வாய்தா!

குடும்பச் சொத்தை டிரஸ்டாக வைப்பது தவறன்று. சிறுவருக்கும் விதவைக்கும் அது நல்ல அரண். ஆனால் டிரஸ்டி யார்? காவலர்! பத்திரத்திலே பெயர் அவருடையது, பலன் பயனாளிகளுடையது.

1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம் இதைத் தெளிவாக்குகிறது. நிலம், வீடு எனில் எழுதிக் கையொப்பமிட்டுப் பதிவு செய்ய வேண்டும்; அல்லது உயிலிலே சொல்ல வேண்டும். டிரஸ்டி தம் லாபத்துக்காகச் சொத்தைப் பயன்படுத்தக் கூடாது. நீதிமன்ற அனுமதியின்றித் தாமே அதை வாங்கவும் கூடாது. பத்திரத்தையும் கணக்கையும் பார்க்கப் பயனாளிக்கு உரிமை உண்டு. கேட்பது சந்தேகமல்ல, தோழர்களே, உரிமை!

ஆகவே நாம் சொல்வது இது. சர்வே எண், பயனாளிகளின் பெயர், அடுத்த டிரஸ்டி யார், விற்பதானால் யார் சம்மதம் வேண்டும், டிரஸ்ட் எப்போது முடியும், முடிந்தால் எப்படிப் பங்கு — அத்தனையும் பத்திரத்தில் ஏறட்டும். வரி ரசீதிலும் ‘டிரஸ்டி’ என்ற சொல் இருக்கட்டும். ஆண்டுதோறும் கணக்கைக் குடும்பத்தார்முன் படிக்கட்டும்.

இன்னொன்று: தன்னுடையதல்லாததை எவரும் டிரஸ்டில் வைக்க முடியாது. மகளுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென 1929இலே செங்கல்பட்டு மாநாடு முழங்கியது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்திலே அதைத் தமிழ்நாடு 1989இல் சட்டமாக்கியது; 2005இல் மத்தியச் சட்டமும் வந்தது. அது பிறப்பால் வரும் உரிமை என்று 2020இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பூர்வீகச் சொத்திலே மகளின் பங்கை மறைத்து எழுதும் டிரஸ்ட், நாளைய வழக்குக்கு இன்றே நடும் கால்கோள்!

பஞ்சாலையிலே நூல் நூற்றும், துறைமுகத்திலே மூட்டை சுமந்தும் வாங்கிய மூன்று சென்ட் நிலம், முத்திரைத்தாளுக்கும் வக்கீல் கட்டணத்துக்கும் கரைவதா? உடன்பிறந்தார் எதிரெதிர்க் கூண்டில் நிற்பதா? நல்லுறவு இருக்கும்போதே எழுதுங்கள். பகை வந்தபின் எழுதப்படுவது பத்திரமாக இராது, பிராதாகவே இருக்கும்!